எலும்பில் கை வைக்கும் முன் பூட்ஸைப் பாருங்கள்

சேரன்மகாதேவிக்கு அருகில் ஓர் ஊரைச் சொந்த ஊராகக் கொண்டு, இப்போது ஜெர்மனியின் மியூனிக் நகரில் பணிபுரியும் 33 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, பதிலுக்குத் தேவையானதை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவர் மூன்று குளிர்காலங்களாக ஆல்ப்ஸ் மலைச்சரிவுகளில் ஸ்கீ என்னும் பனிச்சறுக்கு பழகி வருகிறார். இடப்பக்கம் திரும்புவது கைவந்துவிட்டது. வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் இடது காலில் உள்ள பலகை பனியைக் கவ்வாமல் வழுக்கிப் போகிறது. இடது தொடை விரைவில் எரியத் தொடங்குகிறது. மாலையில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலிக்கிறது. அவருடைய பயிற்றுநர், “உங்கள் கால்கள் வில்போல வெளிப்பக்கம் வளைந்திருக்கின்றன, பூட்ஸுக்கு கேன்டிங் செய்யுங்கள்” என்று சொல்லியிருக்கிறார். பூட்ஸின் அடிப்பாகத்தைப் பக்கவாட்டில் சற்றே சாய்த்து அமைப்பதுதான் கேன்டிங். அதன்பின் இவர் தாமாகவே சில வேலைகள் செய்து பார்த்தார். பழைய ரப்பர் செருப்பிலிருந்து ஒரு துண்டை வெட்டி இடது பூட்ஸுக்குள் குதிகாலின் உட்பக்கத்தில் வைத்தார். பூட்ஸின் கணுக்கால் பகுதியில் இருக்கும் திருகை உட்பக்கமாகக் கடைசிவரை திருப்பினார். இரண்டுக்குப் பிறகும் நிலைமை மோசமானதே தவிரச் சீராகவில்லை.

அவர் தரும் வேறு சில தகவல்கள் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. பாதத்தின் நீளம் 26.8 செ.மீ.; முன்பாதம் அகலமானது என்பதால் தள்ளுபடி விலையில் 28.5 அளவுள்ள பூட்ஸை வாங்கியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் கபடி ஆடும்போது இடது கணுக்காலில் அடிபட்டு, ஊர் வைத்தியரிடம் கட்டுப் போட்டு நாற்பது நாள் படுத்திருக்கிறார். குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையைச் செய்தபோது, பெருவிரலுக்கும் சுவருக்கும் இடையே வலது காலில் 11 செ.மீ. வந்தது, இடது காலில் 7 செ.மீ. மட்டுமே வந்தது. இப்போது விடுப்பில் ஊரில் இருக்கிறார். செப்டம்பர் நடுவில் திரும்புகிறார்.

அவருடைய கேள்விகள் இவை. வளைந்த எலும்பை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திவிடலாம் என்று மாமா சொல்வது சரியா? இன்னும் விறைப்பான பூட்ஸ் வாங்கினால் தீருமா? பூட்ஸின் அடிப்பாகத்தைச் சாய்வாகச் சீவிக்கொள்ளலாமா? சிறு வயதில் வெறுங்காலோடு திரிந்ததால்தான் கால் இப்படி ஆனது என்று ஆச்சி சொல்வது உண்மையா? கடைசியாக, அவருடைய நான்கு வயது மகளுக்கு முட்டிகள் ஒன்றோடொன்று தட்டுகின்றன. அதற்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்புள்ள தம்பிக்கு,

முதலில் நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். நான் எலும்பு அறுவை மருத்துவர் அல்ல, இயன்முறை மருத்துவர். பாளையங்கோட்டைக்குத் திரும்புமுன் ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் சில குளிர்காலங்கள் வேலை பார்த்தேன். அங்கே எங்கள் சிகிச்சைக்கூடத்துக்கு அடுத்த கதவே பூட்ஸ் பொருத்தும் பட்டறை. நோயாளியை அவர்கள் எங்களிடமும் நாங்கள் அவர்களிடமும் அனுப்பிக்கொண்டே இருப்போம். நம் ஊரிலிருந்து இப்படியொரு கேள்வி வரும் என்று நான் எதிர்பார்த்ததில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அறுவை சிகிச்சை பற்றிய கேள்விக்குப் பதிலைத் தள்ளிப்போட விரும்பவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அதற்கு எந்தத் தேவையும் இல்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதைவிட முக்கியமாக, உங்கள் சிக்கலுக்குக் கால் வளைவு ஒரு காரணமாக இருக்கலாமே தவிர முதற்காரணம் அது இல்லை என்றே நினைக்கிறேன். பூட்ஸின் அளவையும் அந்த இடது கணுக்காலையும்தான் நான் முதலில் சந்தேகிக்கிறேன்.

நடக்கும் காலும் பூட்ஸுக்குள் இருக்கும் காலும்

கால் சற்று வளைந்திருக்கும் ஒருவர் வரப்பிலும் தெருவிலும் சிரமமில்லாமல் நடக்கிறார். கணைக்கால் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தாலும், கணுக்காலுக்குக் கீழே உள்ள மூட்டு அந்தச் சாய்வை எதிர்த்திசையில் ஈடுகட்டி, பாதத்தைத் தரையில் படியவைத்துவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் இந்த ஈடுகட்டல் நமக்குத் தெரியாமலே நடக்கிறது. ஸ்கீ பூட்ஸ் செய்யும் முதல் காரியம் அதைத் தடுப்பதுதான். கெட்டியான பிளாஸ்டிக் கூடு கணுக்காலின் பக்கவாட்டு அசைவை ஏறத்தாழ முழுவதும் பிடித்துக்கொள்கிறது. அப்படிப் பிடித்துக்கொண்டால்தான் காலின் சிறு அசைவும் பலகையின் விளிம்புக்குப் போய்ச் சேரும். அதனால், தெருவில் யார் கண்ணிலும் படாத ஒரு சாய்வு பனியில் அப்படியே பலகையின் சாய்வாகிவிடுகிறது.

நீங்கள் வலப்பக்கம் திரும்பும்போது இடது பலகைதான் வெளிப்பலகை. உடல் எடையைத் தாங்க வேண்டியதும், தன் உள்விளிம்பால் பனியைக் கவ்வ வேண்டியதும் அதுவே. முழங்கால் பூட்ஸின் நடுக்கோட்டுக்கு வெளியே நிற்கிற ஒருவருக்கு அந்தப் பலகை ஏற்கெனவே வெளிவிளிம்பின் பக்கம் சாய்ந்திருக்கும். முதலில் அதைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து, அதற்குப் பிறகே உள்விளிம்பை இறக்க முடியும். அந்தத் தாமதத்தில் திருப்பத்தின் முதல் பாதி போய்விடுகிறது. பிறகு அவசரமாக முழங்காலை உள்ளே தள்ளுகிறார், இடுப்பைச் சாய்க்கிறார், பலகை வழுக்குகிறது. முட்டி தட்டும் கால் உடையவருக்கு இதற்கு நேர்மாறான தொல்லை: உள்விளிம்பு தேவைக்கு முன்பே கவ்விக்கொள்ளும், விடுவிக்க நினைக்கும்போது விடாது.

எவ்வளவு சிறிய சாய்வு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு ஒரு கணக்கு. பூட்ஸின் அடிப்பாகம் சுமார் 7 செ.மீ. அகலம் இருக்கும். அதன் ஒரு பக்கத்தை 1 டிகிரி உயர்த்த வேண்டுமானால் 1.2 மி.மீ. தடிப்புப் போதும். அந்த 1 டிகிரியால், தரையிலிருந்து 50 செ.மீ. உயரத்தில் உள்ள முழங்கால் சுமார் 9 மி.மீ. நகர்ந்துவிடும். பலகையின் அடிப்புற விளிம்பையே பட்டறையில் அரை டிகிரியிலிருந்து 1 டிகிரி வரைதான் சீவுகிறார்கள். அப்படியிருக்க, நீங்கள் வைத்த ரப்பர் துண்டு எத்தனை மி.மீ. என்று கடிதத்தில் இல்லை. ஒரு செருப்பின் தடிப்பு எனக்குத் தெரியும்.

செருப்புத் துண்டும் திருகும்

அந்தத் துண்டைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அது இரண்டு வகையில் தவறு. முதலாவது, திசை. குதிகாலின் உட்பக்கத்தை உயர்த்தினால் பாதம் வெளிப்பக்கம் சரியும். உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிற குறையை அது கூட்டும். உட்பக்கம் உயர்த்தச் சொல்லும் ஆலோசனை, பாதம் உட்பக்கமாகச் சரிகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. இரண்டாவது, இடம். பூட்ஸுக்குள் ஒரு மெத்தென்ற துண்டை வைத்தால் உள்ளே பாதம்தான் சாயும், கூடு சாயாது. பனியைத் தொடுகிற விளிம்புக்கு அதனால் ஒழுங்கான மாற்றம் எதுவும் போய்ச் சேராது; அதோடு புறங்காலுக்கு இருக்க வேண்டிய இடமும் குறைந்து இறுக்கம் ஏற்படும்.

கணுக்கால் அருகே உள்ள திருகைப் பலரும் கேன்டிங் திருகு என்றே சொல்கிறார்கள். கடைகளில்கூட அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் அது கணைக்காலைச் சுற்றியிருக்கும் மேற்கூட்டின் சாய்வை மட்டும் மாற்றுகிறது. மேற்கூட்டை உங்கள் காலின் இயல்பான சாய்வுக்கு இணையாக நிறுத்தி, கால் எந்தப் பக்கச் சுவரையும் அழுத்தாமல் நடுவில் நிற்கச் செய்வதே அதன் வேலை. நீங்கள் காலை உள்ளே தள்ளும் எண்ணத்தில் அதை உட்பக்கம் திருப்பினீர்கள். ஆனால் உங்கள் கால் வெளிப்பக்கம் சாய்ந்தது. அது மேற்கூட்டின் வெளிச்சுவரை இன்னும் பலமாக அழுத்தியிருக்கும், அந்த அழுத்தம் பலகையை இன்னும் வெளிவிளிம்பின் பக்கம் புரட்டியிருக்கும். திருகைத் தொடக்கக் குறிக்கே கொண்டுவந்துவிடுங்கள். மற்றதைப் பொருத்துநர் பார்த்துக்கொள்வார்.

உங்கள் செருப்பின் குதி வெளிப்பக்கம் தேய்ந்திருப்பதையும் ஒரு சான்றாக எழுதியிருக்கிறீர்கள். நடக்கும்போது பெரும்பாலோர்க்குக் குதிகாலின் வெளி ஓரமே முதலில் தரையைத் தொடுகிறது. உங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் எல்லாச் செருப்புகளையும் புரட்டிப் பாருங்கள். அநேகமாக எல்லாம் அப்படியே தேய்ந்திருக்கும்.

முதலில் பலகையை மாற்றி மாட்டுங்கள்

காலைக் குறை சொல்லுமுன் பலகையைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. மென்மையான சரிவில், இடது பலகையை வலது காலிலும் வலது பலகையை இடது காலிலும் மாட்டிக்கொண்டு அதே இரண்டு திருப்பங்களைச் செய்து பாருங்கள். வழுக்கல் இடது காலை விட்டு நீங்கிவிட்டால், இடது பலகையின் விளிம்பைத் தீட்ட வேண்டும் அல்லது அடித்தளத்தைச் சமன் செய்ய வேண்டும். அது சிறு செலவில் முடியும். வழுக்கல் இடது காலிலேயே தங்கிவிட்டால்தான் பூட்ஸையும் உடலையும் பற்றி மேலே பேசுவதில் பொருள் உண்டு. திரும்பிப் பார்த்து, பனியில் விழுந்திருக்கும் தடத்தையும் கவனியுங்கள். கவ்விய விளிம்பு மெல்லிய கோடு இழுத்திருக்கும். வழுக்கிய விளிம்பு துடைப்பத்தால் பெருக்கியதுபோலத் தடம் விட்டிருக்கும். பெருக்கிய தடம் திருப்பத்தின் தொடக்கத்திலா, முடிவிலா என்பதைக் குறித்துக்கொண்டு போனால் பொருத்துநருக்குப் பாதி வேலை மிச்சம்.

அகலத்துக்காக நீளத்தை வாங்கியது

ஸ்கீ பூட்ஸின் அளவு என்பது பாதத்தின் நீளத்தைச் செ.மீ. கணக்கில் சொல்வது. 26.8 செ.மீ. பாதத்துக்கு 26.5 அளவுதான் பொருத்தமாக இருந்திருக்கும். பெரும்பாலான நிறுவனங்களில் 26, 26.5 இரண்டுக்கும் ஒரே கூடு. நீங்கள் வாங்கியது அதைவிட இரண்டு கூடு பெரியது. வீட்டிலேயே சரிபார்க்கலாம்: உள்ளே இருக்கும் மெத்தென்ற உறையை, அதாவது லைனரைக் கழற்றிவிட்டு, வெறும் கூட்டுக்குள் காலை நுழைத்து, விரல்நுனி முன்சுவரைத் தொடும்படி நின்று, குதிகாலுக்குப் பின்னே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு விரல், கூடினால் ஒன்றரை விரல் தடிப்பு இருக்கலாம். உங்களுடையதில் அதைவிட மிக அதிகமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்படி உள்ளே நீந்துகிற காலுக்கு எந்தச் சாய்வைத் திருத்தியும் பயனில்லை. கூடு நேராக நின்றாலும் கால் உள்ளே வேறு எங்கோ நிற்கும். அதோடு, பிடிமானம் தேடி விரல்கள் தாமாக மடங்கும். குற்றாலத்தில் பாசி பிடித்த பாறையில் விரலை ஊன்றி நின்று பழகிய கால் நம்முடையது. வழுக்குகிறது என்றவுடன் விரல் பற்றிக்கொள்ளும். பாறையில் அது காப்பாற்றும். பூட்ஸுக்குள் விரல் மடங்கினால் எடை குதிகாலுக்குப் போகும், கணுக்கால் இறுகும், பலகையின் முன்பகுதி லேசாகிவிடும்.

ஆச்சி சொன்னதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலோடு நடந்ததால் எலும்பு வளைவதில்லை. 2,300 இந்தியக் குழந்தைகளைப் பரிசோதித்து 1992இல் வெளியான ஓர் ஆய்வில், செருப்பு அணிந்த குழந்தைகளில் 8.6 விழுக்காட்டினருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கே இருந்தது. வெறுங்கால் உங்களுக்குச் செய்தது நல்லதுதான். விரல்கள் விரிந்து முன்பாதம் அகலமாகியிருக்கும், அவ்வளவே. அந்த அகலத்துக்கு இடம் வேண்டுமென்றால் நீளமான பூட்ஸை வாங்கக் கூடாது; முன்பாதத்தில் 102 மி.மீ. அல்லது அதற்கு மேல் அகலமுள்ள அச்சில் வார்த்த பூட்ஸைச் சரியான நீளத்தில் வாங்கி, இன்னும் உறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி வெளிப்பக்கம் தள்ளச் சொல்ல வேண்டும். பொருத்துநர்கள் நாள்தோறும் செய்கிற வேலைதான் அது. செலவாகும் என்று தெரியும். ஆனாலும் இப்போதிருக்கும் பூட்ஸில் கேன்டிங்குக்குச் செலவழிப்பதைவிட அதை விற்றுவிடுவது மேல்.

கணுக்கால்

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது நான் அடிக்கோடிட்டது 11, 7 என்ற இரண்டு எண்களை. சுவர்ச் சோதனையில் ஒவ்வொரு செ.மீ.க்கும் கணுக்கால் ஏறத்தாழ மூன்றரை டிகிரி முன்னோக்கி மடங்குவதாகக் கொள்ளலாம். அப்படியானால் உங்கள் இடது கணுக்கால் வலதைவிடச் சுமார் 14 டிகிரி குறைவாக மடங்குகிறது. ஒரு செ.மீ. வேறுபாடு யாரிடமும் இருக்கும், நான்கு செ.மீ. வேறுபாட்டைக் கவனிக்காமல் விட முடியாது. குத்தவைத்து உட்காரும்போது இடது குதிகால் தரையை விட்டு எழுகிறதா என்றும் பாருங்கள். டிரோலில் என்னிடம் வந்தவர்களில் பாதிப்பேர் நாற்காலியிலேயே வளர்ந்தவர்கள், இரண்டு கணுக்காலும் இறுகியிருக்கும். உங்கள் வலது கணுக்கால் அவர்கள் பொறாமைப்படும் அளவுக்கு நன்றாக இருக்கிறது. இடது கால் தனியாகப் பின்தங்கியதற்கு அந்தக் கபடி நாள் காரணமாக இருக்கலாம். கட்டுப் போட்ட வைத்தியரை நான் குறை சொல்லவில்லை; எங்கே கட்டுப் போட்டிருந்தாலும், நாற்பது நாள் அசையாமல் வைத்த மூட்டை அதற்குப் பிறகு அசைத்துப் பழக்காவிட்டால் அது இறுகத்தான் செய்யும்.

ஸ்கீ பூட்ஸின் மேற்கூடு இயல்பிலேயே முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். 12 முதல் 16 டிகிரி வரை சாய்ந்தவை சாதாரணம். அந்த நிலையில் வெறுமனே நிற்பதற்கே கணுக்கால் அவ்வளவு மடங்க வேண்டும். சறுக்கும்போது அதற்கு மேலும் மடங்க வேண்டும். உங்கள் இடது கணுக்கால் நின்ற நிலையிலேயே தன் எல்லைக்கு அருகில் வந்திருக்கும். அதற்கு மேல் முன்னே போக வழியில்லாத உடல் என்ன செய்யும்? குதிகால் உள்ளே எழும். அல்லது இடுப்பு பின்னே போய் நாற்காலியில் உட்காருவது போன்ற நிலை வரும். தொடை எரிவது அதனால்தான். எடை பின்னே போய்விட்டால் பலகையின் முன்பகுதி பனியை அழுத்தாது. ஒரு திருப்பம் தொடங்குவதோ அந்த முன்பகுதி கவ்வுவதில்தான். ஆக, பக்கவாட்டுக் குறை என்று உங்களுக்குச் சொல்லப்பட்டதில் ஒரு பங்கு முன்பின் குறையாக இருக்கலாம். நின்ற நிலையில் முன்னிருந்து மட்டும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

இதில் ஆபத்தும் இருக்கிறது. எடை பின்னே போன நிலையில் விழுவதுதான் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுபடுவதற்கு நன்கு அறியப்பட்ட வழிகளில் ஒன்று. பூட்ஸைப் பலகையோடு பிடித்துவைக்கும் பைண்டிங் விழும்போது கழன்றுவிடும், கால் தப்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பைண்டிங் வடிவமைக்கப்பட்டது கணைக்கால் எலும்பு முறியாமல் காப்பதற்கு. முழங்கால் தசைநாரைக் காக்கும் என்று அதை நம்பக் கூடாது. ஆகவே விளிம்பு கவ்வாததைவிட நீங்கள் பின்னே உட்காருவதே என்னைக் கவலைப்பட வைக்கிறது.

விறைப்பான பூட்ஸ் பற்றி நீங்கள் கேட்டதற்கும் இதுவே பதில். மடங்காத கணுக்காலை மடங்காத பூட்ஸுக்குள் வைத்தால் பின்னே உட்காருவது கூடும். தவிர, 100, 120 என்று அச்சிடப்படும் விறைப்பு எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 100 இன்னொன்றின் 110ஆக இருக்கும். குளிரில் பிளாஸ்டிக் இன்னும் விறைக்கும். கடையின் கதகதப்பில் வளைந்தது மலை உச்சியில் வளையாது.

இப்போதிலிருந்து டிசம்பர் வரை உங்களுக்கு மூன்று மாதங்களுக்கு மேல் இருக்கின்றன. சுவரைத் தொடும்போது இறுக்கம் எங்கே தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பின்னே, கெண்டைக்காலில் இழுப்பதுபோல் தெரிந்தால் அது தசையும் நாணும், பயிற்சிக்கு இணங்கும். முழங்கால் நேராகவும் சற்று மடங்கியும் என இரண்டு நிலைகளிலும் கெண்டைக்காலை நீட்டுங்கள், ஒவ்வொன்றும் அரை நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை. சுவர்ச் சோதனையையே பயிற்சியாக்கி, குதிகால் எழாமல் முழங்காலை மெதுவாக முன்னே கொண்டுபோய்த் திரும்புங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெல்லக் கீழே இறக்கி ஏற்றுங்கள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில், அதே சுவரில் அளந்து எழுதி வையுங்கள். 7 என்பது 9 ஆனாலே பெரிய லாபம். மாறாக, கணுக்காலின் முன்பக்கம் எலும்போடு எலும்பு இடிப்பதுபோல் நெருடினால் வலிந்து அழுத்தாதீர்கள். பழைய அடியில் எலும்பு வளர்ந்து தடுக்கிறதா என்று பார்க்க, நின்றபடி பக்கவாட்டில் ஓர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். ஊரில் இருக்கும்போதே இதைச் செய்துவிடலாம்.

கணுக்கால் எவ்வளவு இளகினாலும் வலதுக்குச் சமமாக வராது என்றே எடுத்துக்கொள்வோம். மீதியைப் பூட்ஸ் விட்டுக்கொடுக்க வேண்டும். இடது குதிகாலின் கீழே 5 மி.மீ. உயரமுள்ள கெட்டியான கார்க் துண்டை முழு அகலத்துக்கும் வைத்தால் கணுக்காலுக்குச் சுமார் ஒன்றரை டிகிரி இடம் கிடைக்கும். மேற்கூட்டின் முன்சாய்வையும் சற்று நிமிர்த்தலாம். மெத்தென்ற ஜெல் துண்டு வேண்டாம், எடை ஏறியதும் அமுங்கிவிடும். குதி உயர்ந்தால் புறங்காலில் இறுக்கம் வரும் என்பதால் அதையும் பொருத்துநர் முன்னிலையில் செய்வதே நல்லது.

கேன்டிங் கடைசியில் வரட்டும்

நல்ல பொருத்துநர் ஒரு வரிசையில் வேலை செய்வார். கூட்டின் அளவு, பிறகு பாதத்தைத் தாங்கும் உள்ளடி, பிறகு முன்பின் நிலை, பிறகு மேற்கூட்டின் சாய்வு. இவை முடிந்த பிறகே அடிப்பாகத்தின் சாய்வு. ஒவ்வொன்றும் அடுத்ததன் அளவை மாற்றும் என்பதால் வரிசை மாறினால் எல்லாவற்றையும் திரும்பச் செய்ய நேரும். உள்ளடி ஒன்றை ஒழுங்காக வைத்தாலே முழங்கால் நகர்ந்து, கேன்டிங் தேவைப்படாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசிப் படிக்கு வரும்போது அவர் உங்களைச் சமதளத்தில், பூட்ஸோடு, இடுப்பகலத்தில் கால்களை வைத்து நிற்கச் சொல்வார். முழங்காலின் நடுவிலிருந்து தொங்கும் கோடு பூட்ஸின் நடுக்கோட்டுக்கு எங்கே விழுகிறது என்று பார்ப்பார். நம் கொத்தனார் சுவருக்குத் தூக்குக்குண்டு பிடிக்கிற அதே வேலைதான், தரைக்கு ரசமட்டம் வைக்கிறதும் உண்டு. கோடு நடுவிலோ, ஓரிரு டிகிரி உட்பக்கமோ விழுவதைப் பலர் ஏற்பார்கள். உங்கள் கோடு வெளியே விழுந்தால், தடித்த பக்கம் வெளிப்புறம் வருமாறு ஆப்பு வைக்க வேண்டும். அது பூட்ஸை உட்பக்கம் சாய்த்து முழங்காலை உள்ளே கொண்டுவரும். இரண்டு காலுக்கும் ஒரே அளவு தேவைப்படும் என்று நினைக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய படங்களிலிருந்து நான் கோணம் சொல்லப்போவதில்லை. கேமரா ஓரடி தள்ளியிருந்தாலே ஓரிரு டிகிரி மாறிவிடும்.

ஆப்பு வைக்க இரண்டு வழிகள் உண்டு. பலகைக்கும் பைண்டிங்குக்கும் இடையே சாய்வுத் தகடு வைப்பது முதல் வழி. வேண்டாமென்றால் கழற்றலாம், ஆனால் அந்த ஒரு பலகைக்கு மட்டுமே பயன்படும். பூட்ஸின் அடிப்பாகத்தையே சாய்வாகச் சீவுவது இரண்டாவது வழி. எந்தப் பலகையில் ஏறினாலும் திருத்தம் உங்களோடு வரும், ஆனால் சீவியதை ஒட்டவைக்க முடியாது, உற்பத்தியாளரின் உத்தரவாதமும் பெரும்பாலும் போய்விடும். இந்த இரண்டாவது வேலையை மலிவாகச் செய்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள்: “சீவிய பிறகு முனைகளை எந்த உயரத்துக்குக் கொண்டுவருவீர்கள்?” பைண்டிங் பிடிக்கும் பூட்ஸ் முனைகளுக்கு ஐஎஸ்ஓ 5355 என்ற தரம் உண்டு; அதன்படி விரல்பக்க முனை 19 மி.மீ., குதிப்பக்க முனை 30 மி.மீ. உயரம், ஒரு மி.மீ. கூடக் குறைய இருக்கலாம். அடியில் சீவினால் அந்த உயரம் மாறிவிடும். தகடு வைத்து, மேற்புறத்தைக் கடைந்து, மீண்டும் அதே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்யாத பூட்ஸை பைண்டிங் கழல வேண்டிய நேரத்தில் விடாமலும் போகலாம், கழலக் கூடாத நேரத்தில் விட்டுவிடவும் செய்யலாம். வேலை முடிந்ததும் உங்கள் பூட்ஸையும் பைண்டிங்கையும் சேர்த்து விடுவிப்புக் கருவியில் சோதித்து, சீவிய கோணத்தையும் சோதனை அளவையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பணம் கொடுக்கிற உங்களுக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. தயங்குகிற கடை என்றால் வேறு கடை பாருங்கள். பூட்ஸின் அடியில் நாடாவை அடுக்கடுக்காக ஒட்டிச் சோதிக்கலாம் என்று நீங்கள் படித்ததும் இதே காரணத்தால் தனியாகச் செய்யத் தக்கதல்ல.

மாமா சொன்ன அறுவை சிகிச்சை

வளைந்த கணைக்கால் எலும்பை வெட்டி நிமிர்த்தும் சிகிச்சை உண்மையில் உண்டு, மதிப்புள்ள சிகிச்சைதான். முழங்காலின் உட்பக்கக் குருத்தெலும்பு தேய்ந்து, நாள்தோறும் வலியோடு வாழ்கிற, மூட்டு மாற்றுக்கு இன்னும் வயது வராதவர்களுக்கு அது செய்யப்படுகிறது. எலும்பு கூடி, விளையாட்டுக்குத் திரும்புவதற்குப் பல மாதங்கள் ஆகும்; தொற்று, எலும்பு கூடாமை, இரத்தக்கட்டு ஆகிய ஆபத்துகளும் இருக்கின்றன. நீங்கள் சொல்லும் வலியோ சறுக்கிய மாலையில், வெளிப்பக்கத்தில் மட்டும் வருகிறது. ஓரிரு மி.மீ. ஆப்பால் சரிசெய்யக்கூடிய ஒன்றுக்கு எலும்பை வெட்டச் சொல்லும் மருத்துவர் இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. மாமாவுக்கு அக்கறை இருக்கிறது. அதை மதித்து, நாம் முதலில் சின்ன வழியைப் பார்க்கிறோம் என்று சொல்லுங்கள்.

முழங்கால் வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ, படி இறங்கும்போது திடீரென்று கைவிட்டாலோ, வளைவு முன்பைவிடக் கூடுகிறது என்று தோன்றினாலோ, பூட்ஸை மறந்துவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். இடுப்பு முதல் கணுக்கால் வரை நின்றபடி எடுக்கும் நீள எக்ஸ்ரே அப்போது பயன்படும். வெறும் ஆவலுக்காக அதை எடுக்க வேண்டாம்.

மகளைப் பற்றி

குழந்தைகள் பிறக்கும்போது கால்கள் வில்போல வளைந்தே இருக்கும். இரண்டு வயதை ஒட்டி நேராகி, மூன்று நான்கு வயதில் முட்டி தட்டும் நிலைக்குப் போய், ஏழு வயதுக்குள் பெரும்பாலும் தாமாகவே பெரியவர்களின் நிலைக்கு வந்துவிடும். நான்கு வயதில் முட்டி தட்டுவது அந்தப் பாதையின் நடுப்பகுதி. ஒரு காலில் மட்டும் இருந்தாலோ, நொண்டினாலோ, வலியென்று சொன்னாலோ, வயதுக்கு மிகக் குட்டையாக இருந்தாலோ, ஏழு வயதைத் தாண்டியும் கூடிக்கொண்டே போனாலோ குழந்தைகள் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை இரும்புப் பட்டையோ தனிக் காலணியோ தேவையில்லை. வரும் குளிர்காலத்தில் அவளையும் பனிக்கு அழைத்துப் போகப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். பூட்ஸை வாடகைக்கு எடுங்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று பள்ளிச் சீருடை தைப்பதுபோல இரண்டு அளவு பெரிதாக எடுத்துவிடாதீர்கள். உங்கள் 28.5 கதை அவளுக்கும் வர வேண்டாம்.